அந்த உடை யாருக்காக? வீடியோ கேம் பெண்களைப் பார்க்கப் பழகுவது

ஒரு நகரம் எரிந்துகொண்டிருக்கிறது. தெருவுக்குத் தெரு செத்தவர்கள் எழுந்து நடமாடுகிறார்கள். காவல்துறையின் சிறப்புப் படையில் பயிற்சி பெற்ற ஜில் வாலண்டைன் என்ற பெண், கையில் துப்பாக்கியோடு அங்கிருந்து உயிர் தப்பி வெளியேற வேண்டும். ரெசிடென்ட் ஈவில் வரிசையில் 1999-இல் வந்த மூன்றாவது கேமின் கதை இதுதான். இப்படிப்பட்ட இரவுக்கு ஜில் எதை உடுத்திக்கொண்டு கிளம்பியிருக்கிறாள்? மார்பைச் சுற்றி மட்டும் பிடித்திருக்கும் நீல மேலாடை, குட்டைப் பாவாடை, இடுப்பில் முடிச்சுப் போட்ட ஸ்வெட்டர், உயரமான பூட்ஸ். அதே தெருக்களில் அவளோடு சேர்ந்துகொள்ளும் கார்லோஸ் என்ற கூலிப்படை வீரனோ, பைகள் வைத்த சண்டை அங்கியும் நீளக் காற்சட்டையுமாக, வேலைக்கு வந்தவன் போல இருக்கிறான்.

இரண்டு பேருக்கும் ஒரே ஆபத்துதான். கடிக்க வரும் பற்களும் ஒன்றுதான். உடை மட்டும் ஏன் இரண்டு விதம்?

1996-இல் வந்த முதல் கேமில் இதே ஜில் சீருடையில்தான் இருந்தாள். 2020-இல் மூன்றாவது கேமைப் புதிதாகச் செய்து வெளியிட்டபோது குட்டைப் பாவாடை போய் நீளக் காற்சட்டை வந்தது. மேலாடையின் நீல நிறத்தை மட்டும் விட்டுவைத்தார்கள், பழைய ஆட்டக்காரர்களுக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்று. ஒரே பெண், ஒரே வேலை, மூன்று உடைகள். அப்படியென்றால் உடையை ஜில் தேர்ந்தெடுக்கவில்லை, கதையும் தேர்ந்தெடுக்கவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யார் என்று தயாரித்தவர்கள் மனதில் நினைத்துக்கொண்ட ஓர் உருவம் இருக்கிறதே, அதுதான் தேர்ந்தெடுத்தது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால், வீடியோ கேம்களில் பெண்கள் சித்தரிக்கப்படும் விதம் பற்றி நடக்கும் வாக்குவாதங்களில் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

ஒரு ரிப்பனில் தொடங்கிய கதை

1980-இல் வந்த பேக்-மேனை அறியாதவர்கள் குறைவு. ஒரு மஞ்சள் வட்டம், அதில் ஒரு வாய், அவ்வளவுதான். அந்த வட்டத்துக்கு ஆண் அடையாளம் என்று எதுவும் கிடையாது. மீசை இல்லை, தொப்பி இல்லை. ஆனாலும் எல்லோரும் அதை ஆண் என்றே ஏற்றுக்கொண்டார்கள், பெயரும் அப்படித்தான். 1982-இல் மிஸ் பேக்-மேன் வந்தபோது அதே வட்டத்துக்குத் தலையில் சிவப்பு ரிப்பன், உதட்டில் சாயம், முகத்தில் ஒரு மச்சம் சேர்ந்தன.

இதைத் தயாரித்தவர்களைக் குறை சொல்வதில் எனக்கு ஆர்வமில்லை. அன்றைய திரையில் ஓர் உருவத்துக்குக் கிடைத்த இடம் ஒரு கை எண்ணிக்கைப் புள்ளிகள்தான். அதற்குள் 'இவள் பெண்' என்று சொல்ல வேண்டும், அதுவும் பார்த்த கணத்தில் தெரிய வேண்டும். ரிப்பன் சுலபமான வழி. ஆனால் கவனியுங்கள்: ஆணுக்கு அடையாளம் தேவைப்படவில்லை, பெண்ணுக்குத் தேவைப்பட்டது. எதுவும் சேர்க்காமல் விட்டால் ஆண், ஏதாவது சேர்த்தால் பெண் என்ற இந்தப் பழக்கம் பின்னால் பெரிதாக வளர்ந்தது. புள்ளிகள் கூடக் கூட ரிப்பனின் வேலையை இடுப்பும் மார்பும் எடுத்துக்கொண்டன.

உருவத்தோடு பெண்ணுக்குக் கிடைத்த வேலையையும் பார்க்க வேண்டும். 1981-இல் நின்டெண்டோ வெளியிட்ட டாங்கி காங்கில் ஒரு பெரிய குரங்கு பெண்ணொருத்தியைத் தூக்கிக்கொண்டு உச்சியில் போய் நிற்கும். அவள் அங்கிருந்து உதவி கேட்டுக் கத்துவாள். கீழேயிருந்து ஏறிப் போகிறவன் பின்னாளில் மாரியோ ஆனான். அவளுக்குப் பாலின் என்ற பெயர் பிறகுதான் அமைந்தது. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் குரங்குக்குப் பதில் வேறொரு பூதம், பாலினுக்குப் பதில் ஓர் இளவரசி. கோட்டை கோட்டையாகத் தேடிப் போனால், இளவரசி வேறு கோட்டையில் இருக்கிறாள் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இங்கே உடை கண்ணியமாகத்தான் இருக்கிறது. ரோஜா நிறக் கவுன், கழுத்து முதல் கால் வரை. ஆனாலும் அவள் ஒரு பரிசுப் பொருள். ஓட்டப்பந்தயத்தின் முடிவில் வைத்திருக்கும் கோப்பைக்கும் அவளுக்கும் கதையில் பெரிய வித்தியாசம் இல்லை. புதிதாக இந்த விஷயத்துக்குள் வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். எவ்வளவு துணி என்று அளந்து பார்த்தால் போதும் என நினைத்துவிடுவார்கள். துணி நிறைய இருந்தும் ஒன்றுமே செய்ய விடாமல் வைத்திருக்கலாம். துணி குறைவாக இருந்தும் கதையையே அவள் கையில் கொடுத்திருக்கலாம். பாலினும் அந்த இளவரசியும் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். இளவரசி பீச் முக்கிய நாயகியாக வந்த கேம்களும் இருக்கின்றன, 2005-இல் ஒன்று, 2024-இல் ஒன்று. முதல் கோட்டையிலிருந்து அந்த இடத்துக்கு வர இருபது ஆண்டுகள் ஆயின.

கவசத்துக்குள் ஒரு பெண்

1986-இல் வந்த மெட்ராய்டு இந்தக் கதையில் தனி இடம் பிடித்தது. வேற்றுக் கிரகத்தில், சுரங்கம் சுரங்கமாக இறங்கி, அரக்கர்களைச் சுட்டு வீழ்த்தும் சேமஸ் ஆரன் என்ற வேட்டைக்காரரை நாம் இயக்குவோம். தலை முதல் கால் வரை கனத்த இயந்திரக் கவசம். கூடவே வந்த ஆங்கிலக் கையேடு சேமஸை 'அவன்' என்றே குறிப்பிட்டது. மணிக்கணக்கில் ஆடி முடித்த பிறகு கவசம் விலகும். உள்ளே இருந்தவர் ஒரு பெண்!

இந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். யோசித்துப் பாருங்கள். இத்தனை நேரம் குதித்ததும் சுட்டதும் வழி கண்டுபிடித்ததும் நாம்தான், கூடவே அவளும்தான். ஆண் என்று நினைத்துக்கொண்டது நம் தலைக்குள் நடந்த தவறு. அவள் பெண் என்று காட்ட ரிப்பன் தேவைப்படவில்லை. அவள் செய்த வேலை ஏற்கெனவே செய்து முடிந்திருந்தது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. எவ்வளவு வேகமாக முடிக்கிறோமோ, அவ்வளவு அதிகமாக அவள் உடை குறையும். கொஞ்சம் வேகமாக முடித்தால் தலைக்கவசம் மட்டும் கழன்று நீளமான முடி தெரியும். இன்னும் வேகமாக முடித்தால் கவசம் முழுவதும் போய்விடும். 1 மணி நேரத்துக்குள் முடித்துவிட்டால் பிகினியில் வந்து நிற்பாள். திறமையாக ஆடியதற்குப் பரிசு, அவள் உடம்பு. ஒரே கேமுக்குள், ஒரே பெண்ணிடம், இரண்டு சங்கதிகளும் அக்கம் பக்கமாக நிற்கின்றன: நாம் யாராக ஆடினோமோ அவளாகவும் இருக்கிறாள், ஆடி முடித்ததும் நாம் வேடிக்கை பார்க்கும் பொருளாகவும் ஆகிவிடுகிறாள். பெண் சித்தரிப்பு என்ற பேச்சின் மொத்தச் சிக்கலையும் ஒரே இடத்தில் காட்டு என்று யாராவது கேட்டால், நான் மெட்ராய்டின் அந்தக் கடைசிக் காட்சிகளைத்தான் காட்டுவேன்.

அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1996-இல், இங்கிலாந்தின் டெர்பி நகரில் இயங்கிய கோர் டிசைன் நிறுவனம் டூம் ரைடரை வெளியிட்டது. டோபி கார்ட் வடிவமைத்த லாரா கிராஃப்ட் குகைகளில் தாவுவாள், ஓநாய்களைச் சுடுவாள், யாரும் வந்து காப்பாற்றக் காத்திருக்க மாட்டாள். அரைக் காற்சட்டை, கையில்லாத மேலாடை, முதுகில் பை. உடம்பு நறுக்கி ஒட்டிய முக்கோணங்களால் ஆனது, இன்றைக்குப் பார்த்தால் காகிதப் பொம்மை போல இருக்கும். கேமுக்குள் நாம் பெரும்பாலும் பார்ப்பது அவள் முதுகைத்தான், ஏனென்றால் அவள் எப்போதும் முன்னால் போய்க்கொண்டிருப்பாள். விளம்பரங்களிலோ அவள் திரும்பி நின்று நம்மைப் பார்த்தாள். மென்மையாக மெருகேற்றிய படங்கள், கேமில் எங்கும் வராத உடைகள், வளைந்து நிற்கும் தோரணைகள். தன் கதாபாத்திரத்தை விற்ற விதம் பிடிக்காமல் போனது, டோபி கார்ட் அந்த நிறுவனத்தை விட்டு விலகிய காரணங்களில் ஒன்று. படைத்தவர் ஒன்று நினைக்க, விற்றவர்கள் வேறொன்றை விற்றார்கள். ஒரு பெண் பாத்திரத்தைப் பற்றிப் பேசும்போது, கேமுக்குள் அவள் எப்படி, பெட்டியின் அட்டையில் அவள் எப்படி என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது.

இரும்பு எதற்கு?

சரி, இப்போது கவசத்துக்கு வருவோம். கற்பனை உலகக் கேம்களில் அடிக்கடி நடக்கும் ஒரு சங்கதி உண்டு. ஒரு மார்புக்கவசம் கிடைக்கிறது. அது அடியை எவ்வளவு தாங்கும் என்று கேம் சொல்லும் தற்காப்பு எண் 50 என்று வைத்துக்கொள்வோம். ஆண் பாத்திரத்துக்கு மாட்டினால் கழுத்திலிருந்து இடுப்பு வரை இரும்பு. அதையே பெண் பாத்திரத்துக்கு மாட்டினால் மேலே இரண்டு கிண்ணங்கள், கீழே ஒரு பட்டை, நடுவில் வெறும் வயிறு. தற்காப்பு எண் மட்டும் அதே 50. கேம் ஆடுகிறவர்கள் இதற்கு பிகினி கவசம் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

வயிறு தெரிவதில் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். கவசம் என்ற பொருளின் வேலையை யோசித்தால் விடை கிடைக்கும். நிஜ மார்புக்கவசங்கள் வெளிப்பக்கம் புடைத்திருக்கும், பலவற்றில் நடுவே ஒரு முகடு ஓடும். வாளோ ஈட்டியோ வந்து பட்டால் முனை வழுக்கி இரு பக்கமும் விலகிப் போக வேண்டும் என்பதற்காக அந்த வடிவம். பெண்ணின் மார்பு வடிவத்தை அப்படியே இரும்பில் வார்த்தால் நடுவில் ஒரு பள்ளம் விழும். வழுக்கும் முனை விலகாமல் அந்தப் பள்ளத்துக்குள், நெஞ்செலும்புக்கு நேராக, வந்து சேரும். முழுக்க மூடியிருந்தாலும் இப்படி வார்த்த கவசம் போட்டவளுக்கே எதிரி. கவசத்துக்கு அடியில் கனமான மெத்தைத் துணி போடுவார்கள், அதற்குமேல் போதுமான இடம் விட்டுத்தான் இரும்பு வளையும். அதனால் நிஜக் கவசம் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெளியிலிருந்து பார்க்க ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்திருக்கும்.

டிராகன் பறக்கிற உலகத்தில் நிஜம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். என் பதில் இது: டிராகன் அந்த உலகத்தில் எல்லோரையும் சுடுகிறது. அதன் நெருப்பு ஆண் கவசத்தை எப்படிச் சுடுமோ, பெண் கவசத்தையும் அப்படியே சுடும். கற்பனை உலகம் எந்த விதியை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். வைத்த விதி அங்கே நிற்கும் எல்லோருக்கும் பொருந்துகிறதா என்பதைத்தான் பார்க்கிறோம். 2011-இல் வந்த டார்க் சோல்ஸில் ஒரு குதிரைவீரன் கவசத்தைப் பெண் பாத்திரத்துக்கு மாட்டினால், அது குதிரைவீரன் கவசமாகவே இருக்கும். உள்ளே இருப்பது யார் என்று வெளியே தெரியாது. அந்த உலகத்தின் இருட்டும் பயமும் அதனால் ஒரு துளியும் குறையவில்லை, கூடத்தான் செய்தன.

ஆண்களும்தான் சட்டையில்லாமல் நிற்கிறார்கள்

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இதைச் சொல்வார். உண்மைதான், நிற்கிறார்கள். 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐ எடுத்துக்கொள்வோம். தேர்ந்தெடுக்கக் கிடைத்த 8 பேரில் ஒரே ஒரு பெண், சுன்-லி. அவள் நீலச் சீன உடையில் ஓரளவு மூடியே இருக்கிறாள். பக்கத்தில் ஜாங்கீஃப் என்ற ரஷ்ய மல்லன், ஒரு ஜட்டியோடு நிற்கிறான். துணிக் கணக்குப் பார்த்தால் ஜாங்கீஃப்தான் தோற்றான்.

ஆனால் ஜாங்கீஃப் உடம்பு என்ன சொல்கிறது? மார்பிலும் கைகளிலும் தழும்புகள். கரடிகளோடு மல்லுக்கட்டிப் பயிற்சி எடுத்தவன் என்பது கதை. அந்தத் தசைகளைப் பார்த்தால் 'இவன் கையில் மாட்டினால் தொலைந்தோம்' என்று தோன்றும். அவன் வெற்றுடம்பு அவனுடைய பலத்தைப் பற்றிப் பேசுகிறது. சட்டையில்லாத ஆண் நாயகர்களில் பெரும்பாலோர் இப்படித்தான்: ஆடுகிறவன் தான் ஆக விரும்பும் ஆண். பெண்ணுடம்பைக் காட்டும்போது பெரும்பாலும் ஆடுகிறவன் பார்க்க விரும்பும் பெண்ணாக அது ஆகிவிடுகிறது. இரண்டும் வெற்றுடம்பு, இரண்டுக்கும் வேலை வேறு.

சுன்-லியை இங்கே கொஞ்சம் பாராட்டியாக வேண்டும். அவளுடைய தொடைகள் பிரசித்தம், அதில் கிளுகிளுப்பு தேடியவர்களும் உண்டு. ஆனால் அவள் சண்டை முழுவதும் கால்களில்தான் இருக்கிறது. மின்னல்போல அடுக்கடுக்காக உதைப்பவளுக்குத் தொடை அப்படித்தான் இருக்க வேண்டும். உடம்பும் வேலையும் ஒன்றையொன்று சொல்கின்றன. பார்க்கவும் அழகு, சொல்லவும் அர்த்தம் இருக்கிறது. கவர்ச்சி இருந்தாலே தப்பு என்று நினைப்பவர்களுக்கு அவளை ஒரு பதிலாக வைக்கலாம்.

இதே நூலைப் பிடித்துக்கொண்டு 2020-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்குப் போனால், ஆபி என்ற பெண் கிடைப்பாள். அகன்ற தோள், திரண்ட கைகள். கவர்ச்சி காட்டும் வளைவு ஒன்றும் கிடையாது. உலகம் அழிந்த பின் படைவீரர்கள் வாழும் முகாமில் அவள் இருக்கிறாள். அங்கே உடற்பயிற்சிக்கூடம் இருப்பதையும் கேமே காட்டுகிறது. பெண்ணுக்கு இப்படி உடம்பு வராது என்று இணையத்தில் பலர் கொதித்தார்கள். உடம்புக்கு மாதிரியாக இருந்தவர் நிஜமான ஒரு விளையாட்டு வீராங்கனை! ஆபிக்குக் குரல் கொடுத்த நடிகைக்குக் கொலை மிரட்டல்கூட வந்தது. அரைகுறை உடையில் நிற்கும் பெண்களுக்காகச் சண்டை போட்டவர்கள் எப்போதும் 'கற்பனைதானே, விட்டுவிடுங்கள்' என்பார்கள். சட்டை போட்ட ஒரு பலசாலிப் பெண் வந்து நின்றதும் அந்த 'விட்டுவிடுங்கள்' காணாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்.

காரணம் சொல்லப்பட்ட உடை

உடைக்குக் கதைக்குள்ளேயே காரணம் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? 2015-இல் வந்த மெட்டல் கியர் சாலிட் 5-இல் கொயட் என்ற குறிபார்த்துச் சுடும் பெண் வருகிறாள். பாலைவனத்திலும் மழையிலும் பிகினி மேலாடையும் கிழிந்த காலுறையும்தான் உடை. கேம் வருவதற்கு முன்பே விமர்சனம் எழுந்தது. அதன் இயக்குநர் ஹிடேயோ கொஜிமா, ரகசியக் காரணம் தெரிந்ததும் விமர்சித்தவர்கள் வெட்கப்படுவார்கள் என்று சொன்னார். காரணம் வந்தது: உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளால் அவள் தோல் வழியாகவே மூச்சு விடுகிறாள், துணி போட்டால் மூச்சு முட்டும்.

கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் இதே வரிசையில் 2004-இல் வந்த மூன்றாவது கேமில் தி எண்ட் என்ற கிழவர் வருகிறார். அவரும் குறிபார்த்துச் சுடுபவர்தான். செடிபோல வெயிலிலிருந்து சக்தி பெறுகிறவர், ஒளிச்சேர்க்கை செய்கிறவர். தோலில் வெயில் பட வேண்டிய அந்தக் கிழவர் கழுத்துவரை உடுத்தியிருக்கிறார். அவருக்கு ஏன் பிகினி இல்லை என்று ஒருவரும் யோசித்ததில்லை, யோசிக்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

கதைக்குள் இருக்கும் காரணத்தையும் ஒருவர் உட்கார்ந்துதான் எழுதுகிறார். கொயட்டுக்குத் தோலில் மூச்சு வரவேண்டும் என்று இயற்கை சொல்லவில்லை. முதலில் உடம்பைக் காட்ட முடிவு செய்து, பிறகு காரணத்தைத் தேடியதுபோல ஒரு கதை வாசித்தால் நமக்கு உறைத்துவிடும். சமையலறையில் அடி பிடித்த வாசம் போல, எவ்வளவு மசாலா போட்டாலும் தெரியும். அதோடு, அந்தக் கேமில் கொயட் மழையில் ஆடும் காட்சி வரும்போது கேமரா எங்கெல்லாம் போகிறது என்று பார்த்தால், மூச்சுக் கதை யாருக்கும் நினைவிருக்காது.

கேமரா என்றதும் நின்று சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வி 1975-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆண்பார்வை என்ற கருத்தை முன்வைத்தார். திரையில் பெண்ணை யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பதுதான் அதன் சாரம். கேமராவைப் பிடித்திருப்பவன் ஆண், கதையில் பார்க்கிறவன் ஆண், அரங்கில் உட்கார்ந்திருப்பவனும் ஆண் என்று வைத்துக்கொண்டு காட்சி அமையும். அப்போது பெண் பார்க்கப்படுபவளாக மட்டுமே மிஞ்சுவாள். இந்தக் கருத்து கேம்களுக்கு அச்சாகப் பொருந்தும்.

ஒரு காட்சியை அருகில் வைத்துப் பார்க்கலாம். 2010-இல் வந்த மாஸ் எஃபெக்ட் 2-இல் மிராண்டா என்ற அதிகாரி இருக்கிறாள். தன் அப்பா தன்னை எப்படி வளர்த்தார், தங்கையை அவரிடமிருந்து எப்படி மறைத்து வைத்தாள் என்பதையெல்லாம் நம்மிடம் மனம் விட்டுச் சொல்வாள். குரலில் நடுக்கம் இருக்கும். அந்த நேரத்தில் கேமரா அவள் இடுப்புக்குக் கீழே, பின்பக்கமாகப் போய் நிற்கும். உடை மாறவில்லை, வசனம் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது, நடிப்பும் குறைவில்லை. கேமரா மட்டும் அவள் பேசுவதைக் கேட்கவில்லை. மனிதர்களில் சிலர் அப்படி இருப்பார்களே, பேசிக்கொண்டிருக்கும்போது கண் வேறெங்கோ போய்விடும், அதேதான். 2021-இல் மாஸ் எஃபெக்ட் வரிசையின் முதல் மூன்று கேம்களையும் மெருகேற்றி மறுபடி வெளியிட்டபோது அந்தக் கோணங்களில் சிலவற்றை மாற்றினார்கள். அவள் உடையில் ஒரு நூலைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை. அவள் சொல்வது இப்போது காதில் விழுகிறது.

சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாத பெண்

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு அளவுகோலோடு கிளம்பினால் பேயோனெட்டா முன்னால் அந்த அளவுகோல் உடைந்துவிடும். 2009-இல் வந்த அந்தக் கேமின் நாயகி ஒரு சூனியக்காரி. உடம்பை ஒட்டிய அவள் கறுப்பு உடை முழுவதும் அவளுடைய தலைமுடியே. பெரிய தாக்குதலுக்கு முடியை அனுப்பினால் உடை குறையும். கேமராவும் அவளைச் சுற்றிச் சுற்றி வரும். மேலே சொன்ன ஒவ்வொரு குறையும் இங்கே இருக்கிறது.

ஆனால் அவளை வரைந்தவர் மாரி ஷிமாசாகி என்ற பெண். கேமின் எந்த நொடியிலும் அவள் யாருக்கும் பயப்படுவதில்லை, யாருக்காகவும் காத்திருப்பதில்லை. தன் உடம்பைத் தானே விளையாட்டுப் பொருளாக வைத்துக்கொண்டு எதிரிகளைக் கேலி செய்கிறாள். அவளைக் கொண்டாடும் பெண்கள் உண்டு, அவளைப் பார்த்து முகம் சுளிக்கும் பெண்களும் உண்டு. இரண்டு தரப்பும் அதே காட்சிகளைத்தான் பார்த்தார்கள். எனக்கு அவளைப் பிடிக்கும், கேமரா அவளிடம் நடந்துகொள்ளும் விதம் பிடிக்காது. இந்த இரண்டும் ஒரே மனதில் சேர்ந்து இருக்க முடியும் என்பதை அவள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தாள்.

2016-இல் ஓவர்வாட்ச் என்ற கேம் வெளிவருவதற்கு முன் நடந்த சம்பவமும் இந்த ரகம். டிரேசர் என்ற துறுதுறு பெண்ணுக்கு, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துப் பின்புறம் தெரிய நிற்கும் ஒரு வெற்றித் தோரணை இருந்தது. ஆடிப் பார்த்த ஒருவர், இது அவள் குணத்துக்கு ஒட்டவில்லை என்று எழுதினார். தயாரித்தவர்கள் ஒப்புக்கொண்டு மாற்றினார்கள். உடனே, வாயை அடைக்கிறார்கள் என்று ஒரு கூட்டம் கூச்சலிட்டது. புதிதாக வந்த தோரணையும் பழைய சுவரொட்டி அழகிகளின் பாணிதான், சொல்லப்போனால் கவர்ச்சி குறையவேயில்லை. ஆனால் அதில் அவள் துள்ளலும் குறும்பும் இருந்தன. பழையதில் வேறு எந்தப் பெண்ணை நிறுத்தியிருந்தாலும் ஒன்றுதான். அந்த விமர்சனம் கேட்டது அவ்வளவுதான்: இந்தத் தோரணையில் டிரேசர் எங்கே?

அட்டைப்படமும் செலவுக் கணக்கும்

உடைக்குப் பின்னால் பணக் கணக்கும் உண்டு. பெண்ணை அட்டையில் போட்டால் விற்காது என்ற நம்பிக்கை நிறுவனங்களில் நெடுநாள் இருந்தது. 2013-இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் வந்தபோது, எல்லி என்ற சிறுமியை அட்டையின் பின்பக்கம் தள்ளச் சொல்லிக் கேட்கப்பட்டதாகவும், தயாரித்த குழு மறுத்ததாகவும் அதன் இயக்குநர்களில் ஒருவர் சொல்லியிருக்கிறார். எல்லி முன்பக்கத்திலேயே நின்றாள். கேம் அமோகமாக விற்றது. 2014-இல் அசாசின்ஸ் கிரீட் யூனிட்டியில் பெண்ணாக ஆடும் வசதி ஏன் இல்லை என்று கேட்டதற்கு, அசைவுகள், குரல்கள், உடைகள் எல்லாம் இரட்டிப்பு வேலையாகிவிடும் என்று பதில் வந்தது. அதே வரிசையில் முன்பு வேலை பார்த்த ஓர் அசைவூட்டக் கலைஞர், ஒன்றிரண்டு நாள் வேலைதான் என்றார். கால்பந்துக் கேமான ஃபிஃபாவில் பெண்கள் அணிகள் முதன்முதலாக வந்தது 2015-இல், 12 தேசிய அணிகளோடு.

இப்படி ஒவ்வொன்றையும் நோண்டிப் பார்க்க ஆரம்பித்தால் கேம் ஆடும் சந்தோஷம் போய்விடுமே என்று சிலர் கவலைப்படுவார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. நன்றாகச் செய்த பெண் பாத்திரம் எதிரே வரும்போது முன்பைவிட அதிகமாகவே ரசிக்க முடிகிறது. 2004-இல் வந்த ஹாஃப்-லைஃப் 2-இல் அலிக்ஸ் வான்ஸ் ஜீன்ஸும் தோல் ஜாக்கெட்டும் போட்டு வருவாள். இயந்திரங்களைப் பிரித்து மேய்கிறவள், ஒளிந்து ஓடி வாழ்கிறவள். அவள் உடையைப் பார்த்தாலே அந்த வாழ்க்கை தெரியும்.

அப்புறம் போர்ட்டல். 2007-இல் வந்த சின்னக் கேம், சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஓர் ஆய்வகத்தில் விழிக்கிறோம். சுவர்களில் துளை போடும் ஒரு கருவி கையில் இருக்கிறது. ஒரு துளைக்குள் நுழைந்தால் இன்னொரு துளை வழியே வெளியே வரலாம். எல்லாமே நம் கண்ணிலிருந்து தெரிவதால் நாம் யார் என்று தெரியாது. கண்ணாடியும் கிடையாது, அறிமுகக் காட்சியும் கிடையாது. எதிரெதிரே இரண்டு சுவர்களில் துளை போட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தால், அந்தப் பக்கம் ஒரு பெண் நிற்பது தெரியும். செம்மஞ்சள் நிறத்தில் தொளதொளத்த கைதி உடை, அள்ளி முடிந்த தலைமுடி, உயரத்திலிருந்து விழுந்தாலும் கால் உடையாமல் தாங்க முழங்காலுக்குக் கீழே பொருத்திய உலோக வில். பெயர் செல். அவள் நமக்காகத் திரும்பி நிற்பதில்லை. நாம் ஓர் அடி வைத்தால் அவளும் ஓர் அடி வைக்கிறாள், நாம் எந்தப் பக்கம் பார்க்கிறோமோ அந்தப் பக்கமே அவளும் பார்க்கிறாள், வெளியேறும் கதவு எங்கே என்று.